சிசிடிவியில் தெரியும் நடையும் உடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்தில் 20 ஆண்டுகளாகப் புகைப்பட நிலையம் நடத்திவருகிறேன். கல்யாண வீடியோ வேலை குறைந்தபின், பாம்பனிலிருந்து மண்டபம் வரை கடைகளுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் வீடுகளுக்கும் கண்காணிப்புக் கேமரா பொருத்திக் கொடுப்பதே பெரும்பாலும் என் தொழிலாகிவிட்டது. திருட்டு, அடிதடி, ஆள் காணவில்லை என்ற செய்திகளோடு சிசிடிவி பதிவிலிருந்து எடுத்த படங்கள் தங்கள் நாளிதழில் இப்போது அடிக்கடி வருகின்றன. அவற்றில் முகம் தெளிவாகத் தெரிவது அரிது. ஒரு முதுகு, மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் சுற்றிய துண்டு, கையில் ஒரு பை, அவ்வளவுதான் தெரியும். அவ்வளவை வைத்துக்கொண்டே இது இன்னார் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை மக்களிடமும் காவல் துறையினரிடமும் வேரூன்றி வருகிறது. அந்த நம்பிக்கையால் எங்கள் ஊரில் ஒரு பிள்ளை துன்பப்பட்டான். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசி மாதம், ஓர் ஐஸ் கம்பெனியை ஒட்டிய கொட்டகையில் வைத்திருந்த படகு பேட்டரி இரண்டும் ஜிபிஎஸ் கருவி ஒன்றும் களவு போயின. அங்கிருந்த கேமரா நான் பொருத்தியது. பதிவை எடுத்துத் தரும்படி காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். திரையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றோம். பதினொரு விநாடி ஓடும் அந்தக் காட்சியில், நடுத்தர உயரமும் ஒல்லியான உடலும் கொண்ட ஓர் ஆண், வெளிர்நிறச் சட்டையும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, வலது கையில் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு இடது காலைச் சற்று இழுத்து இழுத்து நடந்து போகிறார். கூட்டத்தில் ஒருவர் ஒரு பையனின் பெயரைச் சொல்லி, "அவன் மாதிரி இல்ல?" என்றார். அந்தப் பையனுக்கு வயது 22. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது திருக்கை முள் கணுக்காலில் குத்தியதிலிருந்து இடது காலை ஊன்றுவதில் அவனுக்கு ஒரு தயக்கம் உண்டு. அவன் சிறு வயதில் தேவாலயத்தில் புதுநன்மை வாங்கியபோது படம் எடுத்தவன் நான். அந்த உரிமையில், "ஆமா, அவன் நடைதான்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலைக்குள் அந்தக் காட்சி அவன் பெயரோடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிட்டது. அவனை மூன்று நாள் காலையில் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி, இரவில்தான் அனுப்பினார்கள். படகுக்காரர் அவனை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். இரண்டாம் நாள் அவனுடைய தாயார் என் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "அண்ணே, நடையப் பாத்தே சொல்லிட்டீங்களாமே, மூஞ்சியப் பாத்தீகளா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பதிவில் முகமே இல்லை.

அன்றிரவு கொட்டகைக்குப் போய், முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். என் கைபேசியில் நேரத்தைக் காட்டி, கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பதிவு செய்து பார்த்தேன். கேமராப் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் கருவியின் கடிகாரம் 48 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இணைய இணைப்பு இல்லாத கருவி அது. ஒரு மின்வெட்டுக்குப் பின் யாரோ கையால் நேரத்தை வைத்திருக்கிறார்கள். திருட்டு நடந்த அன்றும் அப்படித்தான் ஓடியதா என்பதற்குப் பதிவிலேயே சான்று இருந்தது. தினமும் விடியற்காலை நாலரை மணியளவில் அந்த வழியே போகும் பால் வண்டி, டிவிஆர் கணக்கில் 5.20க்குப் போகிறது. ஆகவே திரையில் 4.52 என்று காட்டிய திருட்டு உண்மையில் 4.04க்கு நடந்திருக்கிறது. அந்தப் பையன் போன படகு முந்தின நாள் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய், அன்று 4.40க்குத்தான் கரையைப் பிடித்தது. டிவிஆர் நேரத்தை நம்பியவரை, "கரைக்கு வந்த கையோடு எடுத்திருக்கிறான்" என்று அதுவே அவனுக்கு எதிராகப் பேசப்பட்டது. சரியான நேரத்தை வைத்துப் பார்த்தால், பேட்டரி போனபோது அவன் இன்னும் தண்ணீரில் இருந்தான். மூன்றாம் நாள் இதை எடுத்துச் சொன்னபோது அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டு, உடனே அவனை அனுப்பிவிட்டார். எடுத்தது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் கடிகாரம் சரியாக ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை. அவனைக் காப்பாற்றியது நேரம். அவன் நடை என்று நான் சொன்னதைப் பொய்யாக்கும் எதுவும் அந்தப் படத்துக்குள் இல்லையா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

முதலாவது அந்த நடை. படகில் வைக்கும் பெரிய பேட்டரி ஒன்று 30 கிலோ வரை எடை இருக்கும். அதை வலது கையில் தொங்கவிட்டுத் தூக்குகிறவர் யாரானாலும் உடலை இடப்பக்கம் சாய்த்துத்தான் நடக்க முடியும். அதே இடத்தில், கால் நன்றாக உள்ள பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே அளவு பேட்டரியைக் கொடுத்து நடக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். அவருடைய இடது காலும் திரையில் இழுபட்டது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக அந்தக் கருவி விநாடிக்கு ஆறு படம் மட்டுமே பதியும்படி வைக்கப்பட்டிருந்தது. சாதாரண நடையில் மனிதர் விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி எடுத்து வைப்பார்; அப்படியானால் ஓர் அடிக்கு மூன்று படம்தான் கிடைக்கும். கால் தரையைத் தொடும் கணமும் விட்டுக் கிளம்பும் கணமும் அந்த மூன்றில் விழாமல் போகலாம். விடுபட்டதை நம் மனம் இட்டு நிரப்பிக்கொள்கிறது. நான் என் நினைவிலிருந்த பையனின் நடையைக் கொண்டு அதை நிரப்பினேன்.

அடுத்தது அந்த வெளிர்நிறச் சட்டை. இருட்டிய பிறகு இந்தக் கேமராக்கள் அகச்சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளையாகப் பதிகின்றன. நம் கண் காணும் நிறத்துக்கும் அகச்சிவப்பு ஒளியில் துணி காட்டும் நிறத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. சில சாயங்களில் தோய்த்த கறுப்புத் துணி அந்த ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், திரையில் வெள்ளை வெளேரென்று தெரியும். என் கடையிலேயே ஒரு கறுப்புச் சட்டையைத் தொங்கவிட்டு விளக்கை அணைத்து யாருக்கு வேண்டுமானாலும் இதைக் காட்டத் தயாராக இருக்கிறேன். ஆகவே இரவுப் பதிவைப் பார்த்து "வெள்ளைச் சட்டை போட்டவன்" என்று தேடுவது, தேட வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறொருவரைத் துரத்துவதாக முடியலாம்.

உடல்வாகும் அப்படித்தான். பழைய கேமராக்களின் படம் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்தது. அதை இன்றைய அகலத் திரையில் முழுதாக நிரப்பிக் காட்டும்போது ஆள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுகிறார். ஒல்லியானவர் நடுத்தர உடம்பாகவும், நடுத்தர உடம்புக்காரர் பருமனாகவும் தெரிவார். அகலக் கோண லென்ஸின் ஓரத்தில் நிற்பவருக்கும் இதே கதிதான். பத்தடி உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் கேமராவில் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது சரியாக வராது. அதே கேமராவில், அதே இடத்தில் அளவுகோலை நிறுத்திப் பதிவு செய்து இரண்டு படத்தையும் ஒப்பிட்டால்தான் ஓரளவுக்குச் சொல்ல முடியும். கடற்கரையில் இவற்றோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. துடைக்காமல் விட்டால் சில வாரங்களில் கேமராவின் முன்கண்ணாடியில் வெள்ளைப் படலம் கட்டி, இரவில் எல்லா உருவத்தைச் சுற்றியும் புகை சூழ்ந்ததுபோல் ஆகிவிடும்.

கேமரா தொழிலில் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 படப்புள்ளி (பிக்சல்) விழுந்தால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று அறியலாம். 62 அளவில் இருந்தால் உடை முதலான சில விவரங்களைக் கவனிக்கலாம். முன்பே தெரிந்த ஒருவரை அடையாளம் காண 125 வேண்டும். முன்பின் தெரியாதவரை இன்னார் என்று ஐயமற நிறுவ 250 வேண்டும். கடைகளில் பெரும்பாலும் பொருத்தப்படும் இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 புள்ளி அகலம் கொண்டது. அது 30 மீட்டர் அகலமுள்ள படகுத்துறையை, அதாவது ஜெட்டியை, பார்த்துக்கொண்டிருந்தால் மீட்டருக்கு 64 புள்ளிதான் விழும்; ஒரு முகத்தின் குறுக்கே பத்துப் புள்ளிகூட விழாது. பகல் வெளிச்சத்திலேயே இந்த நிலை. இதே கேமரா எட்டு மீட்டருக்கும் குறைவான ஒரு வாசலை மட்டும் பார்த்தால்தான் 250 கிடைக்கும். "ஒரே கேமராவில் மொத்த இடமும் தெரியணும்" என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு நானும் பல ஆண்டுகளாக அப்படியே பொருத்திக் கொடுத்திருக்கிறேன். அந்தப் படத்தில் எல்லாரும் தெரிவார்கள். ஒருவரையும் அடையாளம் காண முடியாது.

எங்கள் கடற்கரையின் தன்மையையும் இங்கே சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஜெட்டியில் இறங்கும் ஆட்கள் ஏறக்குறைய ஒரே உடையில் இருப்பார்கள்: லுங்கி, பனியன் அல்லது பழைய டீ சர்ட், தலையில் துண்டு அல்லது தொப்பி. சிறு வயதிலிருந்து ஒரே வேலையைச் செய்தவர்களின் தோளும் முதுகும் ஒரே மாதிரி அமைந்துவிடுகின்றன. படகின் ஆட்டத்துக்குப் பழகிய கால்கள் கரையிலும் சற்று அகட்டியே நடக்கும். சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையையும் முகத்தையும் மூடிய துணி, விரல்களில் சுற்றிய துணி. பாறையும் உப்பும் உடலை அறுக்காமலிருக்க அவர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. நூறு அடி தூரத்தில் பெற்ற மகளுக்கே தாயை அடையாளம் தெரியாது. ஆடி அமாவாசையன்று அக்னி தீர்த்தக் கரையில் நனைந்த வேட்டியோடு நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே குளித்து எழுந்து உடை மாற்றும் ஒவ்வொருவரும் கேமராவைப் பொறுத்தவரை புதிய ஆளாகிவிடுகிறார்.

இப்போது வரும் கருவிகளில் "சிவப்புச் சட்டை, ஆண், கையில் பை" என்று கொடுத்தால் அந்தத் தோற்றமுள்ளவர்களை எல்லாம் வரிசையாக எடுத்துக் காட்டும் வசதி இருக்கிறது. ஒரு கேமராவில் பார்த்த ஆளை அடுத்த கேமராவில் தேடிப் பிடிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. இந்த ஆராய்ச்சியில் பலரும் பயன்படுத்தும் படத்தொகுப்பு ஒன்று, சீனத்தின் சிங்குவா பல்கலைக்கழக வளாகத்தில் ஆறு கேமராக்களில் பதிவான 1501 பேரைக் கொண்டது, 2015இல் வெளியிடப்பட்டது. ஆளாளுக்கு வெவ்வேறு நிறத்தில் உடுத்தும் இடத்தில் உடையே பெரிய அடையாளம். எல்லாரும் ஒன்றுபோல் உடுத்தும் ஜெட்டியில் அந்த அடையாளம் எப்படி நிற்கும்? விற்க வருகிறவர்களிடம் இதைக் கேட்டேன். தெளிவான பதில் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

உடலின் அளவுகளைக் கொண்டு ஆளை அறியும் முயற்சி நம் நாட்டில் முன்பே செய்து பார்த்துக் கைவிட்ட ஒன்று. பாரிஸ் காவல் துறையில் எழுத்தராக இருந்த பெர்த்தியோன் 1880களில், தலை, கை, கால் முதலிய 11 அளவுகளைக் கொண்டு குற்றவாளிகளைப் பதியும் முறையைக் கொண்டுவந்தார். அது வங்காளக் காவல் துறைக்கும் வந்தது. அளக்கிறவர் மாறினால் அளவும் மாறியது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் திறக்கப்பட்டது. அதன் பகுப்பு முறையை உருவாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அலுவலர்களின் உழைப்பு பெரிது. ஆளை நேரில் நிறுத்தி, கருவி வைத்து எடுத்த அளவே போதாது என்று ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே தள்ளிவிட்டு, இன்று உப்புப் படிந்த கண்ணாடி வழியாகத் தெரியும் நிழலைக் கொண்டு ஆளைச் சொல்கிறோம்.

நடையை ஆராய்ந்து சொல்லும் வல்லுநர் சாட்சியத்தை இங்கிலாந்து நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே ஏற்றது. ஆனால் நீதிபதிகளுக்காக அந்நாட்டு ராயல் சொசைட்டி 2017இல் வெளியிட்ட விளக்க நூல், அந்தத் துறைக்கு அடிப்படையான அறிவியல் சான்றுகள் போதிய அளவில் இல்லை என்று எச்சரித்தது. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், திரையைச் சுற்றி நின்ற எங்களைப் பற்றி என்ன சொல்வது? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் கடைத் திருட்டு ஒன்றுக்காகத் தவறாகக் கைது செய்யப்பட்டார். மங்கலான பதிவிலிருந்து கணினி காட்டிய முகப் பொருத்தத்தில் தொடங்கியது அது. பிறகு படங்களின் வரிசையிலிருந்து அவரைச் சுட்டிக்காட்டியவர், திருட்டை நேரில் பார்க்காமல் அந்தப் பதிவை மட்டுமே பார்த்தவர். அந்த ஊர் காவல் துறை 2024இல் இழப்பீட்டுக்கு உடன்பட்டதோடு, கணினிப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது செய்வதில்லை என்ற விதியையும் ஏற்றுக்கொண்டது. பதிவை மட்டும் பார்த்துவிட்டுச் சாட்சி சொன்னவன் என்ற வகையில், அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உடல் கூசியது.

நம் சட்டத்திலும் ஓர் இடைவெளியை மக்கள் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் தர வேண்டும். நகல் திருத்தப்படவில்லை என்பதைக் காட்டும் ஹேஷ் எண்ணும் அதில் இருக்க வேண்டும். நான் பலமுறை அந்தப் படிவம் நிரப்ப உதவியிருக்கிறேன். படம் மாற்றப்படவில்லை என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ் பொறுப்பேற்கிறது. படத்தில் இருப்பவர் யார் என்பதற்கு அது எந்தப் பொறுப்பும் ஏற்பதில்லை. ஆனால் "சான்றிதழோடு கொடுத்தாச்சே" என்று இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதைக் கேட்கிறேன்.

தோற்றத்தை வைத்துத் தேடுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருவிழாக் கூட்டத்தில் குழந்தை தொலைந்தால், மஞ்சள் பாவாடை என்ற ஒரு சொல்லைக் கொண்டு பத்துக் கேமராவைப் புரட்டிப் பார்ப்பது பெரிய உதவி. ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துவரப்பட்டு வழி தவறிப்போகும் மனநோயாளிகளை, எந்தச் சாலையில் போனார்கள் என்று இப்படித்தான் தேட முடியும். நானே இரண்டு முறை இரவெல்லாம் உட்கார்ந்து அப்படித் தேடிக் கொடுத்திருக்கிறேன். அங்கே கேமரா காட்டியவரைக் கண்டுபிடித்ததும் குடும்பத்தார் நேரில் பார்த்து உறுதி செய்கிறார்கள். ஆள் வேறாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடலாம். அதேபோல், ஒருவர்மீது வந்த சந்தேகத்தை நீக்கவும் தோற்றம் நன்றாகப் பயன்படும்: பதிவில் இருப்பவர் ஆறடி என்று அளந்து தெரிந்துவிட்டால், ஐந்தடி இரண்டங்குலம் உள்ளவரை அத்தோடு விட்டுவிடலாம். அந்தத் தோற்றம் ஊரில் இருநூறு பேருக்குப் பொருந்தும்போது, அந்த இருநூறு பேரில் ஒருவரை மட்டும் பெயர் சொல்லி எடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆகவே காவல் துறை அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் இது. பதிவைக் காட்டும்போது கூட்டமாக நிறுத்திக் காட்டாதீர்கள். ஒவ்வொருவராக அழைத்து, எந்தப் பெயரையும் சொல்லாமல், "இவர் யார் என்று தெரிகிறதா?" என்று கேளுங்கள். "இது அவன்தானே?" என்று கேட்டால், அந்தப் பெயர் காதில் விழுந்தபிறகு திரையில் வேறு ஆள் தெரிவதில்லை, என் அனுபவத்தில் சொல்கிறேன். தெரிகிறது என்று சொல்பவரிடம், எதை வைத்துச் சொல்கிறார், அவருக்கு அந்த ஆளோடு பழக்கம் எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். பெயர் கிடைத்தவுடன் ஆளை அழைப்பதற்கு முன், டோக்கன் பதிவேடு, கைபேசி, உடன் இருந்தவர்கள் என்று வெளியிலிருந்து ஒரு சான்றாவது தேடுங்கள். பதிவு எடுத்த அன்றே டிவிஆரின் நேரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முகம் தெரியாத சிசிடிவி படத்தை வெளியிடும்போது, அது எத்தனை அடி தூரத்திலிருந்து, பகலிலா இரவிலா எடுக்கப்பட்டது என்பதை ஒரு வரியில் சேர்க்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் அழைக்கப்பட்டவர் தொடர்பில்லாதவர் என்று தெரிந்தால், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் வெளியிட வேண்டும். எங்கள் ஊர்ப் பையனின் பெயரோடு வாட்ஸ்அப்பில் சுற்றிய காட்சியை அழிக்கச் சொல்லி ஒவ்வொரு குழுவாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம்கூட ஒரு குழுவில் அது மறுபடி வந்தது.

இந்தத் தொழிலில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு செய்தி. அந்த ஐஸ் கம்பெனிக் கேமராவைக் கொட்டகை வாசலுக்கு நேராக, நெஞ்சுயரத்துக்குச் சற்று மேலே இறக்கிப் பொருத்திவிட்டேன். விநாடிக்கு 15 படம் பதியும்படி மாற்றி, வாசல் நிலையில் அடிக்கணக்குக் கோடும் போட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை கண்ணாடியைத் துடைக்கும்போதே கடிகாரத்தையும் சரிபார்க்கிறேன். இராமேசுவரத்திலிருந்து தொண்டி வரை கேமரா பொருத்துகிறவர்கள், தாங்கள் பொருத்திக் கொடுத்த இடங்களுக்கு ஒருமுறை போய் அந்தக் கடிகாரங்களைப் பார்த்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
புகைப்பட நிலையம் நடத்துபவர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.